செம்பல்லிக்குத் தாங்கும் மர லூர்: செதுக்கியதும் சோதித்ததும்

மேசைமேல் கிடப்பது 15 செ.மீ. நீளமுள்ள ஒரு பிளாஸ்டிக் லூர், அதாவது மீனை ஏமாற்றிக் கடிக்கவைக்கும் போலி இரை. வயிற்றுப் பக்கம் இரண்டு ஓட்டை. பேனா முனை உள்ளே போகும். அதற்கு நேர்மேலே முதுகில் ஒரு விரிசல் ஓடுகிறது. நடுக்கொக்கியைத் தாங்கிய கம்பி வளையத்தைக் காணோம்; அது பதிந்திருந்த இடத்தில் பிய்ந்த விளிம்பு மட்டும் மிச்சம். வால்பக்கத்து மும்முள் கொக்கியில் ஒரு முள் முழுதாக நிமிர்ந்துவிட்டது. கொக்கியை லூரோடு இணைக்கும் ஸ்பிளிட் ரிங் (சாவிக்கொத்து வளையம் போன்றது) வாய் திறந்து நீள்வட்டமாகிவிட்டது. கடித்தது செம்பல்லி. கடித்த இடத்துக்கும் அலையாத்தி வேருக்கும் இடையே இரண்டு மீட்டர்கூட இருக்காது. ரீல் சத்தம் போடத் தொடங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

உடைந்த லூரை யாரும் தூக்கிப் போடாதீர்கள். எங்கெங்கே எது பிரிந்தது என்று பார்த்தாலே அடுத்ததை எப்படிக் கட்டுவது என்று தெரிந்துவிடும். இது உள்ளே வெற்றிடமான உடம்பு. இரண்டு பாதிகளை ஒட்டியிருக்கிறார்கள், அந்த ஒட்டில்தான் கொக்கி வளையங்கள் பதிந்திருக்கின்றன. மீன் இழுக்கும் விசை மூக்கு வளையத்துக்கும் கொக்கிக்கும் நடுவே பிளாஸ்டிக் ஓட்டின் வழியாகப் போயாக வேண்டும். ஓடு பிளந்தால் கொக்கிக்கும் நரம்புக்கும் (தூண்டில் இழைக்கும்) உறவு அறுந்தது.

ஆகவே நான் கட்டிய லூருக்கு ஒரே விதி வைத்துக்கொண்டேன்: உடம்பு எந்தப் பாரத்தையும் சுமக்கக் கூடாது. நரம்பு கம்பியை இழுக்கட்டும், கம்பி கொக்கியை இழுக்கட்டும். மரத்தின் வேலை மிதப்பதும் நீந்துவதும் மட்டும். மரம் மொத்தமாகச் சிதறிப் போனாலும் மீன் நரம்பின் நுனியில் இருக்க வேண்டும்.

எந்த மீனுக்காக

செம்பல்லிக் குடும்பத்தில் நூற்றுக்கு மேல் இனங்கள் இருக்கின்றன. அவற்றில் காயலிலும் கழிமுகத்திலும் வளர்ந்து, லூரைப் பாய்ந்து அடிப்பவை சில. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து பசிபிக்கின் சமோவா வரை பரவியிருக்கும் ஆற்றுச் செம்பல்லி, அதாவது லுட்ஜானஸ் அர்ஜென்டிமாகுலேட்டஸ், ஒன்று. நியூகினியின் ஆறுகளில் வாழும் கோல்டியை இன்னொன்று. மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் முதல் அங்கோலா வரை அகென்னஸ்; அட்லாண்டிக்கின் மறுகரையில் கியூபெரா. கியூபெராவில் 56 கிலோ தாண்டிய மீன் 2007இல் லூசியானா கடலில் தூண்டிலில் ஏறியிருக்கிறது.

அளவும் நிறமும் மாறலாம், குணம் மாறாது. மேல்தாடையின் முன்பக்கம் நாய்ப்பற்கள், நண்டு ஓட்டை நொறுக்கும் தாடை, அகன்ற வால். மறைவிலிருந்து வெளியே வந்து அடித்துவிட்டு அதே வேகத்தில் மறைவுக்குள் திரும்பிவிடும். பாரையைப்போல நூறு மீட்டர் ஓடவிட்டுக் களைப்படையச் செய்யும் பேச்சே இல்லை. முதல் இரண்டு மீட்டரில் தலையைத் திருப்ப முடிந்தால் மீன் நம்முடையது. முடியாவிட்டால் வேரோ பாறையோ நரம்பை அறுத்துவிடும். அந்த இரண்டு மீட்டரில் விசை படிப்படியாக ஏறாது, ஒரே உதறலில் வரும். லூரில் பலவீனமான இடம் எதுவோ அதை அந்த உதறல் கண்டுபிடித்துவிடும்.

மரமும் கணக்கும்

எடுத்துக்கொண்டது குமிழ் மரம். நன்றாகக் காய்ந்த கட்டை. பால்சா செதுக்கச் சுகமானது, ஆனால் செம்பல்லியின் பல் அதில் அடிவரை இறங்கிவிடும். தேக்கு உறுதி, ஆனால் கனம். கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் அது எவ்வளவு கனம் என்று புரியும். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். லூர் கட்டுகிறவர்கள் பலர் இந்த இடத்தைக் கண்மட்டத்தில் விட்டுவிட்டு, பெயின்ட் அடித்த பிறகு வாளியில் போட்டு வருத்தப்படுகிறார்கள்.

முதலில் உடம்பின் கனஅளவு தெரிய வேண்டும். இதற்கு அளவுச் சாடி தேவையில்லை. எண்முறைத் தராசின் மேல் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து, எடையைப் பூஜ்யமாக்குங்கள். செதுக்கிய உடம்பின் முதுகில் ஒரு மெல்லிய ஊசியைக் குத்தி, அதைப் பிடித்து உடம்பை முழுதாகத் தண்ணீருக்குள் அழுத்துங்கள். பாத்திரத்தின் அடியும் பக்கமும் படக் கூடாது. தராசு எத்தனை கிராம் காட்டுகிறதோ அத்தனை மில்லிலிட்டர் உடம்பின் கனஅளவு. ஆர்க்கிமிடீஸ் சொன்னதுதான். மரம் தண்ணீர் குடிக்காமல் இருக்க ஒரு பூச்சு வார்னிஷ் அடித்துக் காயவைத்த பிறகே இதைச் செய்ய வேண்டும்.

என் உடம்பு 15 செ.மீ. நீளம், தடித்த இடத்தில் 30 மி.மீ. விட்டம். கனஅளவு 68 மில்லிலிட்டர், மரத்தின் எடை 31 கிராம். நன்னீரில் மொத்த எடை 68 கிராமைத் தொட்டால் மூழ்கும். இனிக் கூட்டலாம்: மூக்கிலிருந்து வால் வரை ஓடும் முதுகெலும்புக் கம்பி 4 கிராம், வயிற்றுக் கொக்கியைத் தாங்கும் ஸ்விவல் (சுழலும் இணைப்பு) 3, ஸ்பிளிட் ரிங்குகள் 3, எபாக்ஸியும் பெயின்டும் 4, இரண்டு ஒற்றை முள் கொக்கிகள் 9. மரத்தோடு சேர்த்து 54. ஈயத்துக்கு 10 கிராம் ஒதுக்கினால் 64. மிதப்புக்கு 4 கிராம் மிச்சம். இதே உடம்பைத் தேக்கில் செய்திருந்தால் மரம் மட்டுமே 44 கிராம் வந்திருக்கும். ஈயம் வைக்க இடமே இல்லை, ஈயம் இல்லாவிட்டால் லூர் பக்கவாட்டில் புரண்டு படுத்துக்கொள்ளும்.

கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025. அதாவது இதே லூருக்கு அலைவாயில், அலையடிக்கும் கடற்கரையில், 1.7 கிராம் கூடுதல் மிதப்புக் கிடைக்கும். காயலின் உள்பகுதியில், மழைக்குப் பின் தண்ணீர் நன்னீராக மாறிய நாளில், அந்த 1.7 கிராம் காணாமல் போகும். மிதக்கும் லூருக்கு இது பெரிய விஷயம் இல்லை. நீருக்குள் அசையாமல் நிற்க வேண்டிய லூர் செய்கிறவர்கள் எந்தத் தண்ணீரில் வீசப் போகிறோம் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

முதுகெலும்பு

கட்டை சதுரமாக இருக்கும்போதே கம்பிக்கான பிளவை அறுத்துவிட வேண்டும். உருண்டையாக்கிய பிறகு ரம்பத்துக்குப் பிடிமானம் கிடைக்காது. நான்கு பக்கமும் நடுக்கோடு இழுத்து, வயிற்றுப் பக்கக் கோட்டின் மேல் மூக்கிலிருந்து வால் வரை அறுத்தேன். பிளவின் ஆழம் நடு அச்சுவரை. அதன்பின் மூக்கிலிருந்து 55 மி.மீ. தள்ளி, வயிற்றிலிருந்து 10 மி.மீ. அகலத்தில் ஒரு குழி. ஸ்விவல் உட்காரும் இடம் அது. இவை முடிந்த பிறகுதான் கத்தி, அரம். சதுரத்தை எண்கோணமாக்கி, எண்கோணத்தைப் பதினாறு பட்டையாக்கி, பிறகு உப்புத்தாள். 80இல் தொடங்கி 240இல் முடித்தேன்.

கம்பி 1.6 மி.மீ. துருப்பிடிக்காத எஃகு, 316 ரகம். மென்பதம் ஆக்காத விறைப்பான கம்பியாகப் பார்த்து வாங்கினேன். விறைப்பான கம்பியை வளைக்கக் கை நோகும், ஆனால் இழுத்தால் நீளாது. மூக்குப் பக்கத்தில் ஒரு வளையம் வளைத்து, கம்பியின் நுனியைத் தண்டின் மேல் மூன்று சுற்று, ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும்படி சுற்றினேன். சுற்று சரிவாக ஓடினால் இழுவையில் வழுக்கும். தண்டுக்குக் குறுக்காக, நெருக்கமாக உட்கார வேண்டும். அடுத்து ஸ்விவலின் ஒரு கண்ணைக் கம்பியில் கோத்துவிட்டு, உடம்பின் நீளத்தை அளந்து, வால் வளையத்தையும் அதேபோல முடித்தேன். சுற்றுகள் கிட்டத்தட்ட 5 மி.மீ. தடிமன் வருவதால் பிளவின் இரு முனைகளையும் அந்த அளவுக்கு அகலமாக்க வேண்டியிருந்தது.

வயிற்றுக் கொக்கிக்குக் கம்பி வளையம் போதாதா, ஸ்விவல் எதற்கு என்று கேட்பார்கள். செம்பல்லி கடித்தவுடன் உடம்பைச் சுருட்டி உருளும். அசையாத வளையத்தில் மாட்டிய கொக்கிக்கு அப்போது லூரின் உடம்பே நெம்புகோல் ஆகிவிடும்; நீளமான லூரின் முனை மீனின் கன்னத்தில் முட்டிக்கொண்டு முள்ளை நெம்பி வெளியே எடுத்துவிடும். ஸ்விவல் இருந்தால் கொக்கி மீனோடு திரும்பும், லூர் தன்பாட்டுக்குக் கிடக்கும். மேசைமேல் கிடக்கும் பிளாஸ்டிக் லூரில் நடுவளையம் பிய்ந்துபோனதற்கு இந்த நெம்பல்தான் காரணம் என்பது அந்த ஓட்டின் விளிம்பைப் பார்த்தாலே தெரிகிறது: நேராக இழுத்துப் பிய்ந்தால் சுற்றிலும் ஒரே மாதிரி கிழியும், இங்கே ஒரு பக்கம் நசுங்கி, மறுபக்கம் பிளந்திருக்கிறது.

ஒட்டுவதற்கு முன் கம்பியை மட்டும் தனியாகச் சோதித்தேன். மூக்கு வளையத்தை உத்தரக் கொக்கியில் மாட்டி, வால் வளையத்தில் தொங்குதராசு கட்டி 30 கிலோ வரை இழுத்தேன். வளையம் சற்றே நீண்டு அப்படியே நின்றது. பிறகு ஸ்விவலில் இருந்து அதே இழுப்பு. இந்தச் சோதனையை மரத்துக்குள் வைத்த பிறகு செய்து பயனில்லை, பிசகு இருந்தால் பிரித்தெடுக்க முடியாது.

ஈயத்தை உருக்கி ஊற்றும் முறையை நான் விரும்புவதில்லை. ஈயம் 327 பாகையில் உருகும்; மரக்குழியில் துளி ஈரம் இருந்தாலும் கொதித்துத் தெறிக்கும், புகையும் நஞ்சு. 9 மி.மீ. தடிமன் ஈயத்தண்டை 14 மி.மீ. நீளத்துக்கு வெட்டினால் சரியாக 10 கிராம். அதே அளவில் துளை போட்டு உள்ளே அடித்துவிடலாம். ஈயத்தைத் தொட்ட கையை வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும்.

துளை எங்கே என்பதை வாளிதான் சொல்லும். எல்லாக் கொக்கிகளையும் மாட்டி, ஈயத்துண்டை ரப்பர் வளையத்தால் வயிற்றில் கட்டி, தண்ணீரில் விட்டு முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். மூக்கிலிருந்து 90 மி.மீ. தள்ளி வைத்தபோது வால் கீழே இறங்கி, தலை மட்டும் நீர்மட்டத்துக்கு மேல் தெரிய நின்றது. இதுதான் வேண்டும். வால் கனத்த லூர் நேராகப் பறக்கும். ராடு (தூண்டில் கோல்) நுனியைத் தட்டித் தட்டி இழுத்தால் இடமும் வலமுமாகத் தலையை வீசி நடக்கும். நிறுத்தினால் பின்பக்கம் அமிழும். நிறுத்தும் அந்த நொடியில்தான் பாதிக் கடிகள் வருகின்றன.

ஒட்டும்போது ஸ்விவலைச் சுற்றிப் பெட்ரோலியம் ஜெல்லியைக் கெட்டியாக அப்பிவிட்டேன், எபாக்ஸி உள்ளே போய் அதைப் பூட்டிவிடாமல் இருக்க. பிளவு முழுவதையும் மரத்தூள் கலந்த எபாக்ஸியால் நிரப்பினேன். மறுநாள் அரத்தால் மட்டமாக்கிவிட்டு, டர்பன்டைன் கலந்து நீர்த்த வார்னிஷில் உடம்பை முக்கி எடுத்து, காய்ந்ததும் மறுபடி ஒருமுறை முக்கினேன். பெயின்ட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கீழே வெளிர், மேலே கருமை. மங்கல் வெளிச்சத்தில் மீன் கீழிருந்து பார்ப்பது நிழலுருவத்தைத்தான். அதன்மேல் இரண்டு பூச்சு தெளிந்த எபாக்ஸி. கெட்டியாகும்வரை லூரை மெல்லச் சுழற்றிக்கொண்டே இருந்தால்தான் ஒருபக்கம் வழியாமல் நிற்கும்.

மும்முள்ளா, ஒற்றை முள்ளா

இதில் எனக்குத் தயக்கமே இல்லை: ஒற்றை முள். இந்த அளவு லூருக்குப் பொருத்தமான தடித்த 3/0 அளவு மும்முள் கொக்கி ஒன்று 11 கிராம். இரண்டு போட்டால் 22. நம் கணக்கில் 9 இருந்த இடத்தில் 22 வந்தால் மொத்தம் 77. லூர் கல்லாக இறங்கிவிடும். ஈயத்தை முழுதாக எடுத்தாலும் மிதப்புக்கு ஒரு கிராம்தான் மிஞ்சும்.

எடை ஒருபுறம் இருக்கட்டும். மும்முள்ளில் மூன்று முனைகள் இருந்தாலும் பெரும்பாலும் பாரம் ஒரு முனையில்தான் விழும்; அந்த ஒரு முனையின் கம்பி அதே எடையுள்ள ஒற்றை முள்ளின் கம்பியைவிட மெலிந்தது. நிமிர்வதற்குக் காரணம் அதுதான். 5/0 ஒற்றை முள், கண் கொக்கியின் தளத்துக்குக் குறுக்காகத் திரும்பிய ரகம், தாடை மூலையில் சொருகினால் நகராது. வேரில் சிக்குவதும் குறைவு. மீனை விடுவிக்கும்போது ஒரே ஒரு இடத்தில் குறடு போட்டால் போதும்.

முள்ளின் வாய் அகலம் லூரின் தடிமனுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். குறுகினால் முனை உடம்புக்குள் ஒளிந்துகொள்ளும். வயிற்று முள்ளின் முனை மூக்கைப் பார்க்கவும், வால் முள்ளின் முனை மேல்நோக்கியும் இருக்க மாட்டினேன். இரண்டும் ஒன்றையொன்று தொடும் தூரத்தில் இருக்கவே கூடாது. முனைக்குப் பின்னால் எதிர்த்திசையில் நீட்டி நிற்கும் தாடிமுள்ளைக் குறடால் நசுக்கிவிட்டேன். நரம்பு தளராமல் வைத்திருக்கத் தெரிந்தால் தாடிமுள் இல்லாமல் மீன் கழன்றுபோகாது. நம் கையில் ஏறினாலும் எடுத்துவிடலாம்.

லூருக்கு முன்னால் வரும் தடித்த நரம்புத் துண்டான லீடரை நேரடியாக ஸ்பிளிட் ரிங்கில் கட்டுவதில்லை. ரிங்கின் வெட்டு விளிம்பு முடிச்சுக்குள் புகுந்து அறுக்கும். மூடிய வளையம் ஒன்றில் முடிச்சைப் போட்டு, அந்த வளையத்தை ஸ்பிளிட் ரிங்கால் லூரின் மூக்கில் மாட்டுவதுதான் சரி.

ரீலின் டிராக்

லூர் பலமாகிவிட்டால் பலவீனம் வேறிடத்துக்கு நகர்ந்துவிடும். அடுத்தது டிராக், அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை அளவோடு விட்டுக்கொடுக்கும் ரீலின் பிரேக். ரீலின் டிராக் குமிழைக் கழற்றி, வாஷர்களை எடுத்த வரிசையிலேயே துணிமேல் பரப்பி, ஒரு படம் பிடித்துக்கொண்டேன். உலோக வாஷர்களில் ஒருவகை தண்டோடு பூட்டிக்கொள்வது, இன்னொருவகை நரம்பு சுற்றிய ஸ்பூலோடு சுழல்வது. வரிசை மாறினால் டிராக் வேலை செய்யாது. கார்பன் வாஷர் ஒன்றின் விளிம்பில் கறுப்புப் பசை கெட்டியாகியிருந்தது. ஸ்பிரிட்டால் துடைத்து, காயவைத்து, டிராக் கிரீஸை விரல் நுனியால் மிக மெல்லியதாகத் தடவினேன். கிரீஸ் தடவினால் டிராக் வழுக்கிவிடும் என்ற பயம் வேண்டாம். அது செய்வது ஒன்றுதான்: நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும்போது வரும் அந்த முதல் பிடிப்பை மட்டுப்படுத்தும். செம்பல்லி விஷயத்தில் நரம்பு அறுவது பெரும்பாலும் அந்த முதல் பிடிப்பில்தான்.

நரம்பு பி.இ. 5 (தடிமனைக் குறிக்கும் எண்), அதாவது 0.37 மி.மீ. விட்டமுள்ள பிரெய்டு, பல இழைகளைப் பின்னிய நரம்பு. ரீலிலிருந்து நேராகத் தொங்குதராசால் இழுத்து டிராக்கை 7 கிலோவுக்கு வைத்தேன். அதே அமைப்பில் ராடை வளைத்து, வளையங்கள் வழியாக இழுத்தபோது 8ஐத் தாண்டியது, உராய்வின் வேலை. கையில் ராடோடு 8 கிலோவைத் தாங்கி நின்று பார்க்காதவர்களுக்கு அது சின்ன எண்ணாகத் தோன்றும். படகில் நின்றபடி கால் வழுக்கினால் முழங்கால் விளிம்பில் போய் இடிக்கும் பலம் அது. இடுப்பைத் தாழ்த்தி, ராடைத் தாழ்வாகப் பிடித்துத்தான் நிற்க வேண்டும்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஸ்பூலில் நரம்பு குறையக் குறைய அதன் விட்டம் சுருங்கும், டிராக் இறுகும். 60 மி.மீ. விட்டம் 48 ஆனால் இழுவை கால்பங்கு கூடிவிடும். காயலில் இது கவலை இல்லை, மீன் அவ்வளவு நரம்பை எடுத்தால் அது ஏற்கெனவே வேருக்குள் இருக்கும். அலைவாயில் நீளமாக வீசி, மீன் அதற்கும் அப்பால் ஓடினால் டிராக்கைச் சற்றுத் தளர்த்தியாக வேண்டும்.

லீடர் 100 பவுண்டு நைலான். ஃபுளோரோகார்பனின் அடர்த்தி 1.78, நைலானுக்கு 1.14, மிதக்கும் லூருக்கு முன்னால் கனத்த லீடர் மூக்கைக் கீழே இழுக்கும். நைலானுக்குக் கொஞ்சம் இழுபடும் தன்மையும் உண்டு, உதறலை அது வாங்கிக்கொள்ளும். பிரெய்டையும் லீடரையும் சேர்க்க எஃப்.ஜி. முடிச்சு. இருபதுக்குக் குறையாத மாற்றுச் சுற்றுகள் போட்டு, எச்சிலால் நனைத்து, கையுறை போட்டு இறுக்கினேன். பிரெய்டு ஏறத்தாழ 145 பாகையிலேயே உருகிவிடும் இழை. காய்ந்த நிலையில் வழுக்கவிட்டு இறுக்கினால் உராய்வுச் சூட்டில் வலு போய்விடும். சரியாக இறுகிய முடிச்சில் பிரெய்டின் நிறம் கருத்து, லீடருக்குள் பதிந்து நிற்பது கண்ணுக்குத் தெரியும். நிறம் மாறாத முடிச்சை நான் கடலுக்குக் கொண்டுபோவதில்லை.

காயலில்

வற்றம் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்துத்தான் வீசத் தொடங்கினோம். ஏற்றத்தின்போது அலையாத்திக்குள் பரவியிருந்த சிறுமீனும் இறாலும் தண்ணீர் வடிய வடிய ஓடைவாய் வழியாக வெளியே வந்தாக வேண்டும். செம்பல்லிக்கு அது தெரியும். ஓடை காயலில் விழும் இடத்தில், சாய்ந்த மரம் ஒன்றின் கிளைகள் நீருக்குள் இருந்தன. வீச்சு அந்தக் கிளையை உரச வேண்டும். ஒரு மீட்டர் தள்ளி விழுந்தாலும் வேறு கதைதான்.

லூரின் நடை எனக்குத் திருப்தி. மும்முள் போட்ட பழைய லூரைவிட அகலமாக வீசி நடந்தது. வயிற்றில் தொங்கும் பாரம் குறைந்ததன் பலன். கடி வந்தபோது தண்ணீர் தெறிக்கவில்லை, உள்வாங்கியது. மோட்டாரில் இருந்த தம்பி நான் சொல்லாமலே படகைப் பின்னால் எடுத்தான். இந்த மீனுக்கு இது மிக முக்கியம்: ராடு மட்டும் இழுத்தால் போதாது, படகும் சேர்ந்து மறைவிலிருந்து விலக வேண்டும். "அண்ணே, ராடைத் தூக்காதீங்க, தாழ்த்துங்க" என்று பின்னாலிருந்து அவன் குரல். நிமிர்த்திய ராடு மீனுக்கு உதவும். தாழ்த்திப் பக்கவாட்டில் இழுத்தால் தலை திரும்பும். டிராக் அரை மீட்டர்போல விட்டது, நின்றது, தலை திரும்பிவிட்டது.

ஐந்து கிலோ இருக்கும். தாமிர நிறம், பக்கவாட்டில் ஒவ்வொரு செதிளின் விளிம்பிலும் மெல்லிய வெளிறல். வால் முள் தாடை மூலையில் எலும்போடு பிடித்திருந்தது. நீரிலேயே வைத்துக் குறடால் கழற்றி, தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்தோம். வாலை உதறிக்கொண்டு போய்விட்டது. காயலில் கிடைக்கும் ஆற்றுச் செம்பல்லிகளில் பெரும்பாலானவை இன்னும் ஒருமுறைகூட முட்டையிடாதவை. வளர்ந்தபின் வெளிக்கடல் பாறைகளுக்குப் போய்த்தான் இனம் பெருக்கும். அதனால் காயல் மீனை நான் எடுப்பதில்லை.

முதலை வாழும் காயல்கள் வெப்பமண்டலத்தில் ஏராளம். அங்கே மீனை விடுவிக்கக் கையை நீருக்குள் வெகுநேரம் வைத்திருக்கக் கூடாது, கரையோரம் முழங்காலளவு நீரில் நின்று வீசவும் கூடாது. நீண்ட குறடு இருந்தால் விடுவிக்கும் வேலை நொடியில் முடியும்.

அலைவாயில்

இதே லூரை முகத்துவாரத்துக்கு வெளியே, அலையடிக்கும் மணற்கரையில் வீசியபோது குறைகள் தெரிந்தன. ராடு 3 மீட்டர், வீச்சு நன்றாகப் போயிற்று. ஆனால் எதிர்க்காற்று அடித்தபோதெல்லாம் லூர் பறக்கும்போதே புரண்டது. நுரைக்குள் விழுந்தால் நடை இல்லை. அலை அதைத் தூக்கி, நரம்பைத் தளர்த்தி, அடுத்த அலை மூடிவிட்டது. நுரைநீரில் காற்று கலந்திருப்பதால் அதன் அடர்த்தி குறைவு, மிதக்கும் லூருக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை.

மீன் இருக்கும் இடமும் வேறு. கரையோர மணல்மேட்டுக்கும் கரைக்கும் நடுவே ஓடும் பள்ளம், அலை உடையாமல் கருத்துத் தெரியும் பட்டை. அதிலும் வற்றத்தில் காயலின் கலங்கல் நீர் வெளியே வந்து தெளிந்த கடலைத் தொடும் கோடு. பெரிய செம்பல்லி அந்தக் கோட்டின் கலங்கல் பக்கத்தில் நிற்கும்.

அதற்காக இரண்டாவது உடம்பு ஒன்றைக் கட்டினேன். வடிவம் அதே, ஈயம் 10க்குப் பதில் 20 கிராம், இரண்டு துண்டாக, வாலை நெருங்கி. மொத்தம் 74 கிராம். கடல்நீரில் ஏறத்தாழ 70 கிராம்தான் தாங்கும் என்பதால் மெதுவாக இறங்கும். நுரைக்குக் கீழே போய்விடுகிறது, காற்றில் புரள்வதும் நின்றது. தட்டித் தட்டி இழுக்க வேண்டியதில்லை. நரம்பை இறுக்கமாக வைத்து நீளமாக இழுத்து விட்டாலே உடம்பு இருபக்கமும் ஆடிக்கொண்டு வருகிறது.

அலைவாய்ச் செம்பல்லி ஒன்று அதை அடித்தபோது முதல் ஓட்டம் கடல் பக்கமே போயிற்று, பாறை இல்லாத இடம் என்பதால் விட்டுப் பிடிக்க முடிந்தது. கரை ஏற்றும்போது அலையோடு சண்டை போடக் கூடாது. அலை வரும்போது பின்னோக்கி நடந்து நரம்பைச் சுற்றிக்கொள்ள வேண்டும். அலை திரும்பும்போது அப்படியே நின்று டிராக்கை வேலை செய்ய விட வேண்டும். திரும்பும் நீரின் இழுப்பும் மீனின் எடையும் சேர்ந்தால் அமைத்த 7 கிலோவெல்லாம் நொடியில் தாண்டிவிடும். பிரெய்டைக் கையில் சுற்றி இழுக்கும் பழக்கம் இருந்தால் அன்றே விட்டுவிடுங்கள். விரலை எலும்புவரை அறுத்துவிடும்.

திரும்பி வந்து

முதல் லூரில் பற்கள் இறங்கிய இடம் நான்கு. ஒன்று மட்டும் எபாக்ஸியைத் தாண்டி மரம்வரை, 3 மி.மீ. ஆழம். கம்பி வளையங்களில் மாற்றம் இல்லை, ஸ்விவல் தடையின்றிச் சுழல்கிறது. மூக்கு ஸ்பிளிட் ரிங்கில் சிறு விரிவு தெரிந்ததால் மாற்றிவிட்டேன். அந்த வளையம் மலிவான பொருள், சந்தேகம் வந்தால் யோசிக்காமல் மாற்றலாம்.

பல்குழியைக் கண்ணால் பார்த்து மரம் நனைந்ததா என்று சொல்ல முடியாது. தராசு சொல்லும். முடித்தவுடன் 64 கிராம் இருந்த லூர், நன்னீரில் கழுவித் துடைத்த பிறகு 66 காட்டியது. இரண்டு கிராம் தண்ணீர் உள்ளே. அப்படியே மேல்பூச்சு போட்டு மூடினால் மரம் உப்பி, பெயின்ட் பாளம்பாளமாக எழும்பும். நிழலில் காற்றோட்டமாகத் தொங்கவிட்டு, எடை 64க்குத் திரும்பும்வரை காத்திருந்தேன். பிறகு குழியில் மரத்தூளை அழுத்தி, மேலே ஒரு துளி உடனடிப் பசை. தேய்த்து மட்டமாக்கி, அந்த இடத்துக்கு மட்டும் எபாக்ஸி. ஒவ்வொரு லூரின் எடையையும் அதன் வயிற்றிலேயே எழுதிவைத்துவிட்டால் இந்த வேலை சுலபம்.

ரீலைக் கழுவும்போது டிராக்கை இறுக்கி, மெல்லிய தூறலாக நன்னீர் காட்டினால் போதும். வேகமாகப் பீய்ச்சினால் உப்பும் மணலும் உள்ளே தள்ளப்படும். காய்ந்ததும் டிராக்கைத் தளர்த்தி வைக்க வேண்டும், இல்லையென்றால் வாஷர்கள் அழுந்தியே கிடந்து பிடிப்பு சீரற்றுப் போகும்.

இப்போது மூன்றாவது உடம்பு அரத்தின் கீழ் இருக்கிறது. அலைவாய்க்கே ஆனது, காற்றை இன்னும் நன்றாகக் கிழிக்க இடுப்பை 30இலிருந்து 26 மி.மீ.க்குக் குறைக்கிறேன். அப்படிக் குறைத்தால் கனஅளவு கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு போய்விடும், ஈயமும் அதற்கேற்ப இறங்க வேண்டும். 5/0 முள்ளின் வாய் இந்த உடம்புக்கு அதிகம், 4/0 சரியாக வரும் என்று நினைக்கிறேன். முதல் பூச்சு வார்னிஷ் காய்ந்து தராசில் கனஅளவு தெரிந்த பிறகே ஈயத்தண்டை வெட்டப் போகிறேன்.